விமானத்துக்கு ஓர் உறை

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கை நிறையக் கிரீஸ் மட்டும்தான். வீட்டுக்கு எழுதாமல் தையல் கடை முகவரிக்கு எழுதியிருப்பதைப் பார்த்ததுமே விஷயம் என்னவென்று புரிந்திருக்கும். தபால் காலையில் வரும், அக்கா மதியத்துக்கு மேல்தான் கடைக்கு வருவாள் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்கள் முழியை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மாமா, நான் கட்டும் விமானத்தின் கூடு முடிந்துவிட்டது. எல்லாம் இரும்புக் குழாய். சோதனை அதிகாரி வந்து ஒவ்வொரு வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். மூடிய பிறகு உள்ளே யாரும் பார்க்க முடியாது என்பதால் இந்தச் சோதனையில் ரொம்பக் கறார். மாமியார் மருமகளின் சமையலறையைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, கடைசியில் "மூடிக்கலாம்" என்றார். நான் ஓடிப்போய் டீ வாங்கி வந்தேன்.

மூடுவது தகரத்தால் இல்லை, துணியால். சிரிக்காதீர்கள். இறக்கைகளுக்கு நானே துணி ஒட்டிவிட்டேன், அவை தட்டை. உடம்பு அப்படி இல்லை. மூக்குப் பக்கம் அகலம், வால் பக்கம் ஒடுக்கம், நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் இடம். நீளமான தலையணை உறை மாதிரி ஒன்று தைத்து, வால் பக்கமிருந்து மாட்டி முன்னால் இழுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த உலகத்தில் இதைத் தைக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். துணியும் அளவும் பார்சலில் வருகின்றன.

அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். "அந்தச் சாவு வண்டியைக் கட்டுற வரைக்கும் என்கிட்ட பேசாதே" என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் பேசாமல் இருப்பது எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது. என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா?

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது, தையல் மெஷின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

நான் ஜன்னலுக்குத் திரை தைத்திருக்கிறேன், சோபாவுக்கு உறை தைத்திருக்கிறேன், ஒரு பணக்காரர் வீட்டு நாய்க்குக் கோட்டுகூடத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகாய விமானத்துக்குத் தைத்ததில்லை. துணியைப் போர்த்திக்கொண்டு மேகத்துக்குள் போகப் போகிறாயா? நீ நட்டு கழன்ற ஆள் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் இவ்வளவு கழன்றிருக்கும் என்று நினைக்கவில்லை.

பார்சல் வந்துவிட்டது. பரணில் லைனிங் துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். என்ன நூல், என்ன தையல், எவ்வளவு விட்டுப்பிடிக்க வேண்டும் என்று எழுது. அக்கா மதியம் வந்து, மறுநாள் நான் வெட்ட வேண்டிய துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டுப் போவாள். அவள் வருவதற்குள் உன் வேலையைச் செய்து மூடி வைத்துவிட வேண்டும். திருடன் மாதிரி என் சொந்தக் கடையில் தைக்கப் போகிறேன்.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லையப்பா. பொய் சொல்ல மனம் வரவில்லை. போன வாரம் எங்கேயோ லிஃப்ட் பாதியில் நின்றது என்று செய்தி வந்தபோது மட்டும், "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் ஒழுங்கா மேலயும் கீழயும் போயிட்டு வந்தா பத்தாதா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உன் மாமா


பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு லேசாக ஜலதோஷம், கொட்டகைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. டயர் கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த இடம், பகலெல்லாம் ரப்பர் வாசனை.

மேல் முதுகில் ஒரு தையல், அடி வயிற்றில் ஒரு தையல். இரண்டும் மடித்து அடித்த இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். நூல் பார்சலிலேயே இருக்கிறது, வேறு நூல் போட வேண்டாம். அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டுத் தையுங்கள். தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை, மாட்டிய பிறகு அதை இறுக்கிக்கொள்வது என் பாடு. துணி கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பியிருக்கிறேன், வெட்டும்போது தைரியமாக வெட்டுங்கள்.

நட்டு கழன்றவன் என்கிறீர்கள். மாமா, நான் இத்தனை வருஷமாக லிஃப்டின் தலைமேல் நின்று போய்க்கொண்டிருக்கிறேன். எத்தனை மாடி ஏறினாலும் கண்ணுக்கு எதிரே சுவர்தான். முதல் தடவை பயிற்சி விமானத்தில் ஏறியபோது, மேலே போகப் போக நாலு பக்கமும் சுவரே இல்லை. அதைச் சொல்லத்தான் அன்றைக்கு அக்காவிடம் ஓடி வந்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜலதோஷம் போயிற்றா? இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

மாட்டிக்கொண்டேன். ஒருநாள் காலையில் பட்டன் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பரண் காலி. உன் அக்கா என்றும் இல்லாத திருநாளாகக் காலையிலேயே வந்து, மேஜையில் உன் துணியை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். லைனிங் எடுக்கப் பரணில் ஏறியிருக்கிறாள், உன் பார்சல் கையில் சிக்கிவிட்டது.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவனுக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

துணியை ஒரு மடிப்புப் புரட்டிப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "இது சுருங்குற துணிங்க. பாருங்க, பெட்டி வைக்க வைக்க எப்படி ஓடுதுன்னு. அப்படியே வெட்டித் தைச்சிருந்தா மாட்டினப்புறம் இழுத்துப் பிடிச்சிருக்கும். எதுலயாவது முன்யோசனை இருக்கா அவனுக்கு?"

மாப்பிள்ளை, அன்று பூராவும் நின்றபடி நின்றாள். மதியம் சாப்பிடக்கூட உட்காரவில்லை. ஒரு சுருக்கம் இல்லாமல், இனி ஒரு நூல்கூடச் சுருங்காது என்கிற அளவுக்குப் போட்டு முடித்தாள். நீ கூடுதலாக அனுப்பியது நல்லதாயிற்று, சுருங்கிய பிறகும் அளவுக்குப் போதுமானதாக இருந்தது. நான் தைத்தேன், பிசிறு நூலை எல்லாம் அவளே வெட்டினாள். பார்சலின் மேல் உன் முகவரியை எழுதியதும் அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் வாயில் "அவன்" என்று வந்தது. இன்றைக்குப் பார்சல் கிளம்புகிறது.

உன் மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியம். உறை வந்து சேர்ந்தது. தையல் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. மேல் தாளில் அக்காவின் கையெழுத்து இருந்ததால் அந்தத் தாளைக் கிழிக்காமல் பிரித்தேன்.

வேலை கொஞ்சம் மெதுவாகப் போகிறது. ஒரு சின்ன சந்தேகம். அக்கா இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு சூட்டில் வைத்தாள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். அவளிடம் கேட்க வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலமே, உன் கடிதத்துக்குத்தான் என்ன நோய் என்று தெரியவில்லை. எப்போதும் இரண்டு பக்கம் எழுதுகிறவன் இரண்டு வரி எழுதியிருக்கிறாய்.

பருத்திக்கு வைக்கிற உச்ச சூடுதான். குறைந்த சூட்டில் போட்டுப் பார்த்தாள், இன்னும் சுருங்க இடம் இருக்கிறது என்று ஏற்றிவிட்டாள். ஏன் கேட்கிறாய்?

இங்கே தினமும் எனக்கு விசாரணை. "மாட்டியாச்சாமா? சரியா உட்கார்ந்துதாமா? தோள் பக்கம் பிடிக்கலயே?" விமானத்துக்கு ஏதடி தோள் என்று கேட்டேன். முறைத்தாள். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அவளுக்குக் காட்டலாம்.

உன் மாமா


மே 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போட்டோ கேட்டீர்கள். அனுப்ப முடியாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் துணி மாட்டிய பிறகுதான் சுருங்க வேண்டும், மாமா. கூட்டின் மேல் போர்த்தி, ஓரங்களைக் குழாயோடு ஒட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மேலே ஓட்டினால் அது சுருங்கி மேளத்தோல் மாதிரி இறுகும். அந்த இறுக்கம்தான் அதற்குப் பலம். அக்கா அதை முன்கூட்டியே முழுக்கச் சுருக்கிவிட்டாள். நான் மாட்டிவிட்டுப் பெட்டியை ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வயிற்றுப் பக்கம் தொங்குகிறது. சோதனை அதிகாரி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதோடு பறந்தால் காற்றில் படபடவென்று அடித்துக் கூட்டை விட்டுக் கிழிந்து வந்துவிடும் என்றார்.

தப்பு என்னுடையது. இஸ்திரி போடாதீர்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. தையல் கடையில் துணியைச் சுருக்காமல் வெட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? அந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான்.

அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். இரண்டு வருஷத்தில் அவள் எனக்காகச் செய்த முதல் காரியம் இது. அதுவே என்னை மேலே வைத்துக் கொன்றிருக்கும் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள், திரும்பவும் வாயை மூடிக்கொண்டுவிடுவாள். விமானம் போனால் இன்னொன்று கட்டிக்கொள்வேன், அக்காவுக்கு எங்கே போவேன்? புதுத் துணிக்கு எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் இன்னொரு உறை தைத்துக் கொடுங்கள். அவள் இஸ்திரி போட்ட துணிதான் மாட்டியிருக்கிறது என்றே இருக்கட்டும்.

உங்கள் மாப்பிள்ளை


மே 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் நீ நன்றாகத் தூங்கு. கடிதத்தின் எழுத்தே கோணல்மாணலாக இருக்கிறது.

நாற்பது வருஷமாகத் துணியோடு வாழ்கிறேன், சுருங்குவதற்காகவே ஒரு துணி இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நீ சூட்டைக் கேட்டாயே, அதற்கு அடியில் என்ன கேள்வி இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. வேண்டுமென்றே செய்தாளா என்றுதானே? நீ எழுதவில்லை, ஆனாலும் அதுதான். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்த்தேன். உன் பள்ளிச் சட்டைக்குப் பெட்டி போடுவாளே, அந்த முகம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. துணி கெட்டுப்போனது, நீ பறக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்குப் பாதி சந்தோஷம்தானே? அதை மறைக்க நீ ஏன் இந்தப் பாடு படுகிறாய்?

சரி, தைத்துத் தருகிறேன். ஆனால் இந்த வீட்டில் நான் சொன்ன பொய் எதுவும் அடுத்த சாப்பாட்டு வேளையைத் தாண்டியதில்லை. அதையும் தெரிந்துகொண்டு என்னை நம்பு.

உன் மாமா


ஜூன் 3

டேய் தொல்லை,

எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். நல்லா இருக்கியான்னு கேட்கப் போறதில்ல. நல்லா இல்லேன்னு தெரியும். உங்க மாமா எல்லாத்தையும் கக்கிட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "என்ன?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். பாவம், இத்தனை நாள் தாக்குப் பிடிச்சதே பெரிசு.

ரெண்டு மூணு நாள் இஸ்திரிப் பெட்டி பக்கமே போகல. என் கையால போட்ட இஸ்திரி, நீ ஆகாசத்துல இருக்கிறப்ப, ஐயோ, எழுதக்கூட வரல.

அப்புறம் கோபம் வந்துச்சு. கெட்டுப் போச்சுன்னா, "அக்கா, நீ கெடுத்துட்டே"ன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே? ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் போடப் பார்த்தீங்க. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? நான் பேசலதான். ஆனா ஒரு நாளாவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?

வேணும்னே பண்ணினேன்னு நினைச்சிருப்பே. உன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். இல்லடா. உன்னை நிறுத்தணும்னா கத்தரியே போட்டிருப்பேன். வேலை மெனக்கெட்டு ஒரு நாள் பூரா கால் கடுக்க நின்னிருப்பேனா?

புதுத் துணி வந்ததும் இங்க அனுப்பு. பெட்டி வைக்காம அப்படியே தைச்சு நானே எடுத்துக்கிட்டு வரேன். மேல மாட்டி சூடு வைக்கிறதையும் நான்தான் பண்ணுவேன். உன்கிட்ட விட்டா பொசுக்கிடுவே. இதுக்காக நீ பறக்கறதுக்குச் சம்மதிச்சுட்டேன்னு கனவு காணாதே.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கு,

தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறீர்களா? அக்கா இங்கே நன்றாக இருக்கிறாள். வந்த அன்றே என் அறையைப் பெருக்கி, என் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, டயர் கடைக்காரரிடம் கொட்டகை வாசலில் டயர் அடுக்கக் கூடாது என்று சண்டையும் போட்டாயிற்று. அவர் என்னிடம் வந்து, "உங்க அக்கா எப்ப ஊருக்குப் போறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

உறை கச்சிதமாக ஏறியது. இரண்டு பேரும் வால் பக்கமிருந்து கால் சட்டை மாட்டுவதுபோல் இழுத்தோம். ஓரங்களை ஒட்டிக் காயவிட்டு மறுநாள் பெட்டியைச் சூடாக்கினோம். முதலில் குறைந்த சூடு, அப்புறம் கொஞ்சம் கூட. ஒவ்வொரு தடவையும் துண்டுத் துணியில் வைத்துப் பார்க்காமல் அவள் மேலே வைக்கவில்லை. முதல் இழுப்பிலேயே சுருக்கம் அவள் கண்ணெதிரே ஓடி மறைந்தது. "அடேயப்பா, இதையா நான் மேஜையில வச்சு வீணாக்கினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதி வேலையில் நான் கேட்டுவிட்டேன், மாமா. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "அக்கா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே நிறுத்திடறேன். சத்தியமா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்திருப்பேன்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இறுகின பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் தொங்குகிற பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்து மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தாள். "இந்தக் குழாய் ஓரத்துல இன்னொரு தடவை வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சோதனை அதிகாரி வந்து விரலால் சுண்டிப் பார்த்தார், திருப்தி. இனிமேல் பூச்சு வேலைதான், மூன்று மாதமாவது ஆகும். அக்கா அடுத்த வாரம் அங்கே திரும்பி வருகிறாள். அவள் சொல்லாத பதில் என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியமும் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை


அக்டோபர் 27

என்னங்க,

முதுகுக்குத் தைலம் தேய்க்கிறீங்களா? அடுப்பை ஒழுங்கா அணைக்கிறீங்களா? நான் நல்லா இருக்கேன், அவனும் நல்லா இருக்கான். அதை முதல்ல எழுதிடணும்னு பேனாவை எடுத்தேன்.

இன்னைக்குக் காலையில பறந்தான்.

மறுபடி இங்க வந்தப்பவே, பறக்கிற அன்னைக்கு நான் கொட்டகையிலயே இருந்துக்கிறேன்னுதான் சொன்னேன். முடியல, கூடவே மைதானத்துக்குப் போயிட்டேன். தரையை விட்டுக் கிளம்பினப்ப என் வாயில வந்ததெல்லாம் திட்டுதான். அவனைத் திட்டினேன், உங்களைத் திட்டினேன், விமானத்தைக் கண்டுபிடிச்சவனையும் விடல. பக்கத்துல நின்ன சோதனை அதிகாரி கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுக்கிட்டார். ரெண்டு சுத்து சுத்திட்டு இறங்கினான். முகமெல்லாம் பல்லு. "எப்படிக்கா?"ன்னு கேட்டான். "துணி சரியா இருந்துதா?"ன்னேன். வேற என்ன கேட்கிறதுன்னு தெரியல. அப்புறம் முதுகுல ரெண்டு வச்சேன். அப்புறம் அழுதுட்டேன்.

ஜூலையில அவன் ஒண்ணு கேட்டான். உங்களுக்கு எழுதியிருப்பான், எனக்குத் தெரியும். வேண்டாம்னு சொன்னா நிறுத்திடறேன்னான். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. சொன்னா நிஜமா நிறுத்தியிருப்பான். அது தெரிஞ்சதாலதான் சொல்ல முடியல. நிறுத்திட்டு என் எதிர்ல உட்கார்ந்திருப்பான், சுவத்தையே பார்த்துக்கிட்டு. நான் வளர்த்தது அதுக்கில்லையே.

ரெண்டு வருஷம் பேசாம இருந்தப்ப நான் நிம்மதியா இருந்தேன்னு நினைச்சீங்களா? இதே பயம்தான். இன்னைக்குப் பறந்தானா, இறங்கினானா, சாப்பிட்டானான்னு யாரையும் கேட்க முடியாத பயம். அதுக்கு இது தேவலை.

நாளைக்கும் பறக்கிறானாம். இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரேன். பேசாம பயந்தது போதும், இனிமே பேசிக்கிட்டே பயப்படுறேன்.

உங்க வீட்டுக்காரி